ஒரே வேரா, ஒரே ஒலியா: ஒரு சொல்லட்டைப் பெட்டியின் மதிப்புரை

திருகோணமலைக் கடைத்தெருவில் புத்தகங்களோடு பாடசாலைப் பொருட்களையும் விற்கும் கடைகளில் சில காலமாக ஒரு சொல்லட்டைப் பெட்டி விற்பனைக்கு இருக்கிறது. உள்ளங்கை அளவான 120 அட்டைகள். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ஒரு சிறு தமிழ்ச் சொல்லும், அதைப் போல ஒலிக்கும் சிங்கள, ஆங்கில, மலாய், போர்த்துக்கேய, கொரிய, சீனச் சொற்களில் இரண்டு மூன்றும் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. பின்பக்கத்தில் பொருளும், சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கான நான்கைந்து வரிக் குறிப்பும் உண்டு. மேல் மூலையில் ஒரு நிற வட்டம் இருக்கிறது: நீலம் என்றால் அச்சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை, பச்சை என்றால் ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் வாங்கியவை. விலை 1,450 ரூபாய். தொகுத்தவர் யார், எவற்றைப் பார்த்துத் தொகுத்தார் என்ற விவரம் பெட்டியில் எங்கும் இல்லை. சொல்வரலாறு பேசும் ஒரு பொருளுக்கு இது சிறிய குறையன்று.

பிள்ளைகளுக்காக வாங்கும் பெற்றோர், இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களம் படிக்கும் அரச ஊழியர், கொரியாவில் வேலை பெறுவதற்கான மொழித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர் ஆகியோரை மனத்தில் வைத்தே இது தயாரிக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. மூன்று தரப்பினருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: பச்சை வட்ட அட்டைகளுக்காக மட்டுமே இப்பெட்டியை வாங்கலாம், நீல வட்ட அட்டைகளில் ஏறத்தாழப் பாதியை நம்பக்கூடாது.

பெட்டியின் உயிர் பச்சை அட்டைகளில்தான் இருக்கிறது. ‘பாண்’ அட்டையை எடுத்துக்கொள்வோம். காலையில் நாம் வாங்கும் பாண், சிங்களத்தின் ‘பான்’, மும்பாயில் பாஜியோடு உண்ணும் ‘பாவ்’, ஜப்பானியரின் ‘பன்’ ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் மூக்கொலி கலந்து உச்சரிக்கும் ஒரே சொல்லின் வழிவந்தவை. அதற்கும் அப்பால் இலத்தீனின் ‘பானிஸ்’ நிற்கிறது. அட்டையின் பின்பக்கக் குறிப்பு இதோடு நின்றுவிடாமல் ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கிறது. போர்த்துக்கேயர் ‘ஒப்ரிகாது’ என்று நன்றி சொல்கிறார்கள், ஜப்பானியர் ‘அரிகாத்தோ’ என்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் போர்த்துக்கேயர் ஜப்பானுக்குப் போனது 1543 ஆம் ஆண்டில். ஜப்பானியச் சொல்லின் பழைய வடிவமான ‘அரிகதஷி’, கிடைப்பதற்கு அரியது என்ற பொருளில், அதற்கு நெடுங்காலம் முன்பே அம்மொழியில் வழங்கியது. ஒரே இரு மொழிகளுக்கு இடையில் ஒரு சொல் உண்மையான கடனாகவும் இன்னொன்று வெறும் ஒலியொப்புமையாகவும் இருக்கலாம் என்பதை இவ்வளவு சுருக்கமாக விளக்கியவர், நீல அட்டைகளை எழுதும்போது அந்த நிதானத்தை எங்கே வைத்துவிட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை.

‘சப்பாத்து’ அட்டையும் இதே தரத்தில் உள்ளது. போர்த்துக்கேயரின் ‘சப்பாத்து’ சிங்களத்தில் ‘சபத்துவ’, மலாயில் ‘செபாத்து’ என்று ஆகியிருக்கிறது. மேசை சிங்களத்தில் ‘மேசய’, மலாயில் ‘மேஜா’; யன்னல் சிங்களத்தில் ‘ஜனேலய’, மலாயில் ‘ஜெண்டேலா’. கதிரை மட்டும் வேறு வழியில் போகிறது: நாம் ‘கதெய்ரா’ என்ற போர்த்துக்கேயச் சொல்லை எடுத்துக்கொண்டோம், சிங்களவர் ‘புட்டுவ’ என்ற வேறு சொல்லோடு இருக்கிறார்கள், மலாய்க்காரர் அரபியிலிருந்து ‘கெருசி’ என்பதைப் பெற்றார்கள். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ‘கந்தோர்’ அட்டையும் நன்று. ஒல்லாந்தரின் ‘கந்தோர்’ பிரெஞ்சு மொழியில் கணக்குப் பார்க்கும் மேசையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதுவே சிங்களத்தில் ‘கந்தோருவ’, இந்தோனேசியாவில் ‘கந்தோர்’. எமது மூத்தவர்கள் இன்றைக்கும் கந்தோருக்குத்தான் போகிறார்கள், அலுவலகத்துக்குப் போவதில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு இவ்வட்டைகளைப் புரட்டுவதில் ஒரு தனிச்சுவை உண்டு. போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1639 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். இடையில் பிரெஞ்சுக்காரரும் வந்து போயினர். இச்சொற்கள் எல்லாம் இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கின என்று சொல்ல முடியாது. இலங்கைக் கரை முழுவதிலும், தென்னிந்தியக் கரையிலும் அவை பரவின. ஆனால் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேயமும் உள்ளூர் மொழிகளும் கலந்து பிறந்த போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்னும் வழக்கில் இருக்கிறது. இந்த ஊரில் விற்கும் ஒரு பெட்டியில் 120 அட்டைகளுள் ஒன்றிலாவது அம்மொழியின் பெயர் இடம்பெறாதது பெரும் விடுபாடு.

பச்சை அட்டைகளுள் மிகச் சிறந்தது ‘தே’. நாம் தேத்தண்ணீர் என்கிறோம், சிங்களவர் ‘தே’ என்கிறார்கள், ஆங்கிலேயருக்கு அது ‘டீ’, பிரெஞ்சுக்காரருக்குத் ‘தே’. மறுபுறத்தில் இந்தியிலும் ரஷ்ய மொழியிலும் ‘சாய்’, மலையாளத்தில் ‘சாயா’, போர்த்துக்கேயத்தில் ‘ஷா’. இவை இரண்டு சொற்கள் போலத் தோன்றினாலும் சீனத்தில் ஒரே எழுத்தின் இரு உச்சரிப்புகள்தாம். தென்கிழக்குச் சீனாவின் புஜியான் கரையில் அதைத் ‘தே’ என்று சொன்னார்கள்; அக்கரை வணிகரோடு தொடர்புகொண்ட ஒல்லாந்தர் அந்த ஒலியை மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். தென்சீனாவின் கண்டன் பகுதியிலும் வடக்கிலும் ‘சா’ என்ற ஒலி வழங்கியது. மக்காவோவில் தங்கியிருந்த போர்த்துக்கேயரும், பாரசீகம் வழியாகத் தரைவழியில் வணிகம் செய்தவர்களும் அதையே எடுத்துச் சென்றனர். ஆகவே ஒரு நாட்டில் தேநீருக்கு வழங்கும் பெயரைக் கேட்டாலே, அங்கே தேயிலை எந்த வழியாக வந்தது என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அட்டை இதைச் சிறு வரைபடத்தோடு காட்டுகிறது. ஒலியில் ஒவ்வாத ‘தே’, ‘சா’ இரண்டும் ஒரு பிறப்பு என்பதைச் சொல்லும் ஒரே அட்டை இதுதான்; இந்த வகையில் இன்னும் பத்து அட்டைகள் இருந்திருக்க வேண்டும்.

தமிழிலிருந்து வெளியே சென்ற சொற்களில் ‘கடை’யும் ‘கப்பல்’லும் சரியாகச் சொல்லப்பட்டுள்ளன. கடை சிங்களத்தில் ‘கடய’ அல்லது ‘கடே’, மலாயில் ‘கெடாய்’. கப்பல் மலாயில் ‘காப்பல்’. ‘காசு’ அட்டையில்தான் தொகுப்பாளர் ஆர்வத்துக்கு இடங்கொடுத்து, ஆங்கிலத்தின் ‘கேஷ்’ தமிழின் காசிலிருந்து பிறந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். நடந்தது அதைவிடச் சுவையானது. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்த இரண்டு ‘கேஷ்’ உண்டு. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக இலத்தீனின் ‘கப்சா’, அதாவது பெட்டி, என்பதிலிருந்து வந்தது. சீனாவிலும் இந்தியாவிலும் புழங்கிய சிறு செப்பு நாணயங்களை, குறிப்பாக நடுவில் துளையிட்ட சீன நாணயத்தை, ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்று அழைத்தது வேறு கதை: தமிழின் காசைப் போர்த்துக்கேயர் ‘கைஷா’ என்று வழங்க, அதனை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். போர்த்துக்கேயத்தில் ‘கைஷா’ என்றால் பெட்டி என்றும் பொருள் உண்டாதலால், தமிழ் நாணயத்தின் பெயர் அவர்கள் வாயில் அந்தப் பழகிய சொல்லின் உருவத்தைப் பெற்றுவிட்டது. அட்டை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வங்கியில் நாம் கேட்டு வாங்கும் ‘கேஷ்’ மட்டும் நம்முடையதன்று. சிங்களத்தில் நாணயத்தைக் குறிக்கும் ‘காசி’ நம்முடைய காசுதான் என்பதை அட்டை சொல்லாமலே விட்டுவிட்டது.

இனி நீல அட்டைகள். இவற்றின் அடிப்படைப் பிழை வட்டங்களின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. இரு மொழிகளில் இரு சொற்கள் ஒத்திருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: இரண்டும் ஒரு தாய்மொழியிலிருந்து வந்திருக்கலாம், ஒன்று மற்றதிடம் கடன் வாங்கியிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒலி தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். பெட்டியில் மூன்றாவதற்கு நிறமே இல்லை. அதனால் கடன் என்று நிறுவ முடியாத ஒவ்வொன்றும் ‘ஒரே வேர்’ என்ற நீல வட்டத்துக்குள் தள்ளப்பட்டிருக்கிறது.

‘எட்டு’ அட்டை இதற்கு நல்ல சான்று. தமிழ் எட்டு, ஆங்கில ‘எய்ட்’, சிங்கள ‘அட’ மூன்றும் ஒரே வேர் என்கிறது அட்டை. சிங்களமும் ஆங்கிலமும் உண்மையாகவே உறவுகள்தாம். சமஸ்கிருதத்தின் ‘அஷ்ட’ பிராகிருதத்தில் ‘அட்ட’ என்றாகிச் சிங்களத்தில் ‘அட’ என்று குறுகியது. ஜெர்மனில் ‘அஹ்ட்’, இலத்தீனில் ‘ஒக்டோ’ என்பவை அதே குடும்பம். ஆங்கிலத்தில் இன்று எழுத்தில் மட்டும் நின்று ஒலியாமல் போன இரண்டு எழுத்துகள், அங்கே ஒரு காலத்தில் தொண்டையொலி ஒன்று இருந்ததைக் காட்டுகின்றன. தமிழ் எட்டோ எண்பது, எண்ணூறு, எண்மர், எண்திசை என்ற தன் சொந்த உறவுகளோடு நிற்கிறது. கன்னடத்தில் ‘எண்டு’, தெலுங்கில் ‘எனிமிதி’. நம் எட்டின் உள்ளே ஒரு மெல்லொலி இருந்திருக்கிறது; அஷ்டவின் குடும்பத்தில் அது எங்கும் இல்லை. முன்னோக்கிப் பார்த்தால் ஒத்தவை போல் தெரியும் இரண்டும், பின்னோக்கிப் போகப் போக விலகிச் செல்கின்றன. உறவுள்ள சொற்களோ பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும். ‘ஒன்று’ அட்டையையும் இப்படியே சோதிக்கலாம். ஆங்கிலத்தின் ‘வன்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்று ஒலித்தது. முதலில் உள்ள வகர ஒலி பிற்காலத்தில் ஏறியது.

‘தா’ அட்டை என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. இலத்தீனில் ‘கொடு’ என்று ஏவுவதற்குத் ‘தா’ என்கிறார்கள். சிங்களத்தில் ‘தெனவா’ என்றால் கொடுத்தல். சமஸ்கிருதத்தில் வேர் ‘தா’. ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது மறுப்பதற்கு மனம் வராது. ஆனால் தமிழ்த் ‘தா’வைத் தமிழின் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். தரு, வரு என்னும் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுக்கிறது. எனக்குத் தா, உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடு. தரு என்பதில் பேசுவோர் அல்லது கேட்போர் பக்கமாக வரும் திசை அடங்கியிருக்கிறது. கன்னடத்தில் அதே ‘தா’ இன்று ‘கொண்டு வா’ என்ற பொருளில் வழங்குவதும் இத்திசையைத்தான் காட்டுகிறது. இலத்தீன், சமஸ்கிருதச் சொல்லுக்கு இத்தகைய திசை கிடையாது. யார் யாருக்குக் கொடுத்தாலும் அதுவே சொல். ஆகச் சிங்களத் ‘தெனவா’வும் இலத்தீன் ‘தா’வும் ஒரு குடும்பம், நம் ‘தா’ அயலில் நிற்கும் வேறு குடும்பத்தின் சொல். கண்டியிலிருந்து வந்த பேருந்தில் ஒரே இருக்கையில் அமர்ந்திருந்தார்கள் என்பதற்காக இருவரை உடன்பிறந்தவர்கள் என்று எழுதிக்கொள்ள முடியாதல்லவா?

ஒரே அட்டையில் மூன்று காரணங்களும் கூடிவிட்ட இடம் ‘நாமம்’. சிங்களத்தில் பெயருக்கு ‘நம’. இன்றைய ஆங்கிலத்தில் ‘நேம்’ என்றாலும் பழைய ஆங்கிலத்தில் அது ‘நம’ என்றே இருந்தது. பாரசீகத்தில் ‘நாம்’, இலத்தீனில் ‘நோமென்’. இவை அனைத்தும் உறவு. தமிழில் நம் சொந்தச் சொல் பெயர்; நாமம் வடமொழியிடம் பெற்ற கடன். ஜப்பானியரின் ‘நமாஎ’ என்பதிலோ ‘ந’ என்பதே பெயர், ‘மாஎ’ என்பது முன் என்று பொருள்தரும் வேறு சொல். அந்த ஒப்புமை முழுக்கத் தற்செயல். தொகுப்பாளர் இம்மூன்றையும் பிரித்துக் காட்டியிருந்தால் பெட்டி முழுவதற்கும் இந்த ஓர் அட்டையே முன்னுரையாக அமைந்திருக்கும். அவர் மேலே ஒரு நீல வட்டத்தைப் போட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

குறுஞ்சொற்களில் தற்செயல் ஒப்புமை மிகுதியாக நேர்வதற்குக் காரணம் எளிது. மனித வாய் எழுப்பும் ஒலிகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டும் சேர்ந்த சொற்களைப் பெரும்பாலான மொழிகள் சில நூறுக்கு மேல் உண்டாக்க முடியாது. தமிழில் ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்கிடுகிறது: ஆ, ஈ, கா, தீ, பூ, மா, வா முதலான நெடில்கள் 40, நொ, து என்ற குறில்கள் இரண்டு. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் இருக்கும்போது, இந்த 42 ஒலிகளுக்கும் எங்கோ ஓரிடத்தில் நெருங்கிய பொருள் கிடைக்காமல் இருந்தால்தான் வியப்பு. அந்த 42 இல் ஒன்றான ‘மா’வுக்குக் குதிரை என்ற பொருள் உண்டு, சீனத்திலும் ‘மா’ என்றால் குதிரை. அட்டை இதை நீலத்தில் போட்டிருக்கிறது. தமிழில் மா என்பது விலங்குக்குப் பொதுப்பெயராகவும், யானைக்கும் குதிரைக்கும் சிறப்பாகவும் வருவது. சீனச் சொல்லின் பழைய உச்சரிப்பில் மகரத்தை அடுத்து ரகரம் ஒன்று இருந்ததாக அறிஞர் மீட்டுருவாக்குகின்றனர். ‘நீ’ அட்டையும் அப்படியே. சீனத்தில் ‘நீ’ என்றால் நீ என்பது உண்மை. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களும் முன்னிலையை ‘நி’ என்றே சொல்கிறார்கள் என்பதும் உண்மை. மூவரையும் ஓர் இனமாக்கத் தொகுப்பாளரே துணிய மாட்டார். பண்டைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியரின் ‘ஊர்’ என்ற நகரத்தையும் நம் ஊரையும் இணைக்கும் அட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்நகரின் பெயர் சுமேரிய மொழியில் ‘ஊரிம்’.

கொரிய அட்டைகளைத் தனியாகப் பேச வேண்டும், ஏனெனில் இளைஞர் பலர் அவற்றுக்காகவே வாங்குகிறார்கள். அப்பா கொரியத்தில் ‘அப்பா’, அம்மா ‘ஒம்மா’, நான் ‘நா’, நீ ‘நொ’. இந்த ஒப்புமை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905 ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர் இரண்டையும் ஒரு குடும்பமாக ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்றவை எந்த உறவுக்கும் சான்றாக மாட்டா என்பதை மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960 இல் வெளியான கட்டுரை ஒன்றில் விளக்கினார்: குழந்தை முதலில் எழுப்பக்கூடியவை இதழொலிகளும் அகர ஒலியுமே; அவற்றைக் கேட்கும் பெற்றோர் அவை தம்மைக் குறிப்பதாக எடுத்துக்கொள்கின்றனர். எந்த ஒலி யாருக்கு என்பது மொழிக்கு மொழி மாறலாம். ஜோர்ஜிய மொழியில் தந்தைதான் ‘மாமா’, தாய் ‘தேதா’. ஆயினும் இந்த அட்டைகள் கொரியம் படிப்பவருக்குப் பயன்படாமற் போகவில்லை. நினைவில் நிறுத்துவதற்கு ஒலியொப்புமை போதும், உறவு தேவையில்லை.

அவ்வகையில் ‘நே’ அட்டை மிகவும் உதவும். கொரியத்தில் ‘நே’ என்றால் ஆம். கிரேக்கத்திலும் ‘நே’ என்றால் ஆம். சேர்பிய மொழியில் ‘நே’ என்றால் இல்லை. சிங்களத்தில் ஏறத்தாழ அதே ஒலியோடு சொல்லும் சொல்லுக்கும் இல்லை என்றே பொருள். சிங்களம் நன்கு தெரிந்த நம் இளைஞர் ஒருவர் கொரிய மேற்பார்வையாளர் சொல்லும் ‘நே’யை மறுப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அட்டை ஒரு சிறு உரையாடலாக எழுதியிருக்கிறது. நகைச்சுவை இயல்பாக வந்திருக்கிறது.

பெட்டியில் நான் காணும் ஆழமான குறை, பிழையான வட்டங்களைவிட, அட்டைகளைத் தெரிந்தெடுத்த முறையில் இருக்கிறது. ஒத்து ஒலிக்கும் சொற்களை மட்டுமே பொறுக்கியதால், ‘தே’ அட்டை நீங்கலாக, ஒத்து ஒலிக்காத உறவுகள் அனைத்தும் வெளியே நின்றுவிட்டன. 1786 இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரு மூலத்தவை என்று உரைத்ததும், 1816 இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று காட்டியதும், 1856 இல் கால்டுவெல் அதை விரித்து நிறுவியதும் காதுக்கு இனிய ஒப்புமைகளை அடுக்கியதால் நிகழவில்லை. ஓர் ஒலி ஒரு மொழியில் மாறும் விதம் சொல்லுக்குச் சொல் தவறாமல் திரும்ப வருகிறதா என்பதே கேள்வி. தமிழில் பால், கன்னடத்தில் ‘ஹாலு’, பல், ‘ஹல்லு’, புலி, ‘ஹுலி’, பாம்பு, ‘ஹாவு’, பள்ளி, ‘ஹள்ளி’. பகரம் நின்ற இடத்தில் ஹகரம் வரிசையாக நிற்கிறது. சிங்களத்திலும் இப்படி ஒன்று உண்டு: பழைய சகரம் பல இடங்களில் ஹகரமாகியது. ‘சப்த’ என்பது ‘ஹத’ என்றாகிவிட்டதால், ஏழைக் குறிக்கும் அச்சொல் ஆங்கிலத்தின் ‘செவன்’ என்பதோடு உடன்பிறந்தது என்பதைக் காது ஒருபோதும் கண்டுபிடிக்காது. ஆர்மீனியர் இரண்டை ‘எர்க்கு’ என்கிறார்கள். அது சிங்கள ‘தெக’வுக்கும் ஆங்கில ‘டூ’வுக்கும் உறவு. இத்தகைய ஓர் அட்டைகூடப் பெட்டியில் இல்லை. ஒலியும் ஒத்து உறவும் உண்மையான ‘தொர’ போன்ற அட்டைகள் சில இருக்கின்றன: சிங்களத்தில் கதவுக்குத் ‘தொர’, ஆங்கிலத்தில் ‘டோர்’, சமஸ்கிருதத்தில் ‘துவார’. இவற்றின் குறிப்பு பிழையற்றது.

தொகுப்பாளருக்கு உண்மை தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வடக்கில் வழங்கிய ம்பபராம் என்ற ஆதிக்குடி மொழியில் நாய்க்கு ‘டொக்’ என்று பெயர். ஆங்கிலேயரிடம் பெற்ற கடன் என்றே முதலில் எவரும் நினைப்பர். மொழியியலாளர் டிக்சன் ஆராய்ந்தபோது, அயல் மொழிகளில் ‘குதக’ போல ஒலிக்கும் சொல் அம்மொழிக்கே உரிய ஒலிமாற்றங்களால் முதலசையை இழந்து அவ்வடிவத்தை அடைந்தது என்பது தெரிந்தது. அட்டையின் பின்பக்கம் இதைச் செம்மையாக விளக்கி, ‘தற்செயல்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. முன்பக்கத்தில் நீல வட்டம். அச்சகத்துக்கு இரண்டு நிறங்கள்தான் கட்டுப்படியாயின போலும்.

நம் ஊர்ப்பெயருக்கும் ஓர் அட்டை உண்டு. திருகோணமலையின் ‘திரு’, மூன்றைக் குறிக்கும் ‘திரி’ என்றும், ஆங்கிலத்தின் ‘திரீ’யோடு அது ஒரே வேர் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஊரின் ஆங்கில எழுத்துவடிவத்தைப் பார்த்து எழுதியதாகத் தோன்றுகிறது. சம்பந்தர் தம் தேவாரத்தில் ‘கோணமாமலை’ என்றே பாடுகிறார்; திருவாரூர், திருநெல்வேலி போல, ‘திரு’ மதிப்பு அடையாக முன்னே வந்து நிற்பது. அதை எடுத்துவிட்டாலும் ஊர்ப்பெயர் குறையாமல் நிற்கும் என்பதற்கு ஏழாம் நூற்றாண்டுச் சான்று இருக்கும்போது, உள்ளூரில் விற்கும் அட்டையில் இந்தப் பிழை இருக்கக்கூடாது.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுத்திருப்பது, சிங்களம் கற்பவருக்கு இடையூறு. ‘கஹ’ என்று அச்சிட்டால் அது மரமா மஞ்சள் நிறமா? சிங்களத்தில் மரத்தின் முதலெழுத்து வல்லொலி குறைந்தது, மஞ்சளின் முதலெழுத்து வன்மையானது. நமக்கோ ஒரே ககரம். குறில் நெடிலிலும் கவனம் போதவில்லை. ‘மாமா’ அட்டையில், நான் என்று பொருள்படும் சிங்கள ‘மம’வும், தாய்மாமனைக் குறிக்கும் ‘மாமா’வும் ஒரே வடிவில் அச்சாகியுள்ளன. அதை அப்படியே படித்து மனனம் செய்யும் அரச ஊழியர், தன்னை அறிமுகப்படுத்தும் முதல் வாக்கியத்திலேயே எதிரே இருப்பவருக்கு மாமனாகிவிடுவார். சிங்கள எழுத்தையும் பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருந்தால் இச்சிக்கல் எழுந்திராது.

அட்டைகளின் தாள் தடிப்பானது, முனைகள் வளைவாக வெட்டப்பட்டுள்ளன, எழுத்துரு பெரியது. உப்புக்காற்றில் அட்டைகள் சற்று வளைகின்றன; பெட்டியின் மூடி இறுக்கமாக இல்லை. விளையாட்டு விதிகளை விளக்கும் தாள் தேவையற்ற நீளம்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவர் உடனிருந்தால், வாங்கிக் கொடுக்கலாம். கொரியம் படிப்பவர்கள் நிற வட்டத்தைப் பொருட்படுத்தாமல் சொற்களை மட்டும் படிக்கலாம். இரண்டாம் மொழித் தேர்ச்சிக்குப் படிப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. சிங்கள எழுத்தோடு கூடிய சாதாரண அகராதி ஒன்று அவர்களுக்குக் கூடுதலாக உதவும். பச்சை அட்டைகளை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று கடையில் கேட்டேன். பெட்டியாகத்தான் விற்பனை என்றார்கள்.